நதியாவின் களைப்பு

நதியாவின் களைப்பு அவளை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்கு வந்தது ஓர் ஆயுத பூஜை நாளில். அது புதன்கிழமை என்று ஆட்டோ பாஷா சொல்லுவான், வியாழக்கிழமை என்று பூக்காரக் கன்னியம்மா சொல்லுவாள், இந்த இரண்டு பேரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை என்பதால் கிழமையை விட்டுவிடலாம், ஆனால் அன்றைக்கு ஷெட்டின் சாவியை அவள் கேட்டதும், கொடுக்கக் கூடாது என்று தெரிந்தும் நான் எடுத்துக் கொடுத்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் கொல்லமேட்டுத் தெரு பாலாற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் தெரு. ஆற்றில் தண்ணீர் வருவது எப்போதோ ஒருமுறை, வேலை வருவது அதைவிட அபூர்வம். ஆனால் தெருக்கோடியில் ஒரு தகர ஷெட் இருக்கிறது, ஷெட்டுக்குள் இரும்பு இருக்கிறது, அந்த இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினால் ரயில்வேயில் சேரலாம், போலீஸில் சேரலாம், பட்டாளத்தில் சேரலாம் என்பதை எங்கள் ஆட்கள் முப்பது வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மற்ற தெருக்களில் பிள்ளை பிறந்தால் நிறத்தைப் பார்ப்பார்கள், எங்கள் தெருவில் தொடையைப் பார்ப்பார்கள். ஷெட் வாசலில் ஒரு வேப்ப மரம், மரத்தடியில் என் இஸ்திரி வண்டி, வண்டியில் அடித்த ஆணியில் ஷெட்டின் சாவி. என் பெயர் சம்பத். நான் எடை தூக்குகிறவன் இல்லை. ஏழு கிலோ இஸ்திரிக் கரிப்பெட்டியைத் தவிர வேறொன்றையும் தூக்கி எனக்குப் பழக்கமில்லை, அதையும் இடுப்புக்கு மேலே கொண்டுபோனதில்லை.

ஷெட்டை நடத்துகிறவர் குலசேகரன் மாஸ்டர். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எடை தூக்குகிற ஒவ்வொருவரும் காலையில் கண் விழித்ததும், பாயை விட்டு எழுவதற்கு முன்னால், தன் நாடியைத் தானே பிடித்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணைக் கரும்பலகையில் தன் பெயருக்கு நேரே சாக்பீஸால் எழுத வேண்டும். வழக்கமான எண்ணைவிட எட்டோ பத்தோ கூடியிருந்தால் உடம்பு நேற்றைய பாரத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை என்று அர்த்தம், அன்றைக்கு அவர்களுக்குப் பாதி எடைதான், அல்லது வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லிவிடுவார். தெருவில் பெரியவர்கள்கூட ஒருவரை ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதில் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள்.

நதியாவின் எண் ஐம்பத்து நாலு. ஐம்பத்தொன்பது கிலோப் பிரிவில் தூக்குகிறவள், இருபத்து நாலு வயசு, அம்மா எல்லம்மா ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிறவள், அப்பா இல்லை. முந்தின வருஷம் ரயில்வே வேலைக்கான தேர்வில் ஒரே ஒரு கிலோ குறைந்து வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குகிற ஸ்னாட்சில் எண்பத்து நாலு தூக்கினாள், எண்பத்தைந்து தூக்கியிருந்தால் போதும். வருகிற பங்குனியில் நடக்கப்போவதுதான் வயது வரம்புக்குள் அவளுக்கு மிச்சமிருந்த கடைசித் தேர்வு. விட்டால் அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

"சக்கரை வாங்கினு வாடீன்னு அனுப்பினா, அந்த ஒரு கிலோ பாக்கெட்ட கையில வெச்சிகினு பாத்துகினே நிக்குது சம்பத்து," என்று எல்லம்மா என்னிடம் ஒருநாள் சொன்னாள். "இவ்ளோதானாம்மா, இவ்ளோதானா அதுன்னு கேக்குது. பெத்த வயிறு, நான் இன்னான்னு சொல்றது?"

எனக்கு நதியாமேல் ஆசை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆறு வருஷ ஆசை. காலையிலும் மாலையிலும் அவள் என் வண்டியைத் தாண்டித்தான் போவாள், போகும்போது "சம்பத்தண்ணா, டீ ஆச்சா?" என்பாள், அந்த அண்ணாவைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை. வேறு யார் வீட்டுத் துணியாக இருந்தாலும் நாலு இழுப்பில் தேய்த்து மடிக்கிற நான் அவளுடைய பயிற்சிச் சட்டைக்கு மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன், அதுவோ இஸ்திரியே தேவைப்படாத துணி.

ஆயுத பூஜை அன்று ஷெட்டில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பாருக்கு மாலை போட்டு, அதில் மாட்டுகிற இரும்பு பிளேட்டுகளைச் சுவரோரம் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அன்றைக்குக் கருவியைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். வருஷம் முழுக்க அடிபடுகிற இரும்புக்குக் கிடைக்கிற ஒரே ஒரு நாள் அது. என் கரிப்பெட்டியையும் புளி போட்டு விளக்கிப் பொட்டு வைத்து, செங்கல் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு நான் வண்டியடியில் பொரி தின்றுகொண்டிருந்தேன். அப்போது அவள் வந்தாள்.

"சம்பத்தண்ணா, சாவி குடு."

"இன்னிக்கா? பூஜை போட்டு வெச்சிருக்குதும்மா. இரும்பு தூங்குது. நாளைக்கு வா."

"ஒரே ஒரு மணி நேரம்ணா. நேத்தே மாஸ்டர் ரெஸ்ட்டுன்னு தொரத்திட்டாரு. ரெண்டு நாள் சும்மா குந்தினு இருந்தா அந்த ஒரு கிலோ எங்க போயி நிக்கும், நீயே சொல்லு."

நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவள் கேட்டு நான் மறுத்தது என்று ஒன்று இருந்ததில்லை. உள்ளே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவள் தூக்க ஆரம்பித்தாள், பார் மரமேடையில் விழுகிற சத்தத்தை நான் எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பதுக்கு மேல் எண்ணவில்லை, ஏனென்றால் பொரியை அள்ளிய கை வாய்வரை வரவில்லை. தோளுக்குக் கீழே கை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், இருந்தது, ஆனால் பாலாற்று மணல் மொத்தத்தையும் நனைத்து அதில் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது. அவள் வெளியே வந்தாள். உள்ளங்கை இரண்டும் குங்குமமாக இருந்தது, நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"களைப்பே இல்லண்ணா," என்றாள் சிரித்துக்கொண்டு. நான் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனேன்.

மறுநாள் தெரு முழுக்கச் செய்தி இதுதான். கன்னியம்மாவுக்கு முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டு பூக்கூடையோடு படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பாஷாவுக்குத் தோள்பட்டை. அரிசி மண்டிக்காரர் வீட்டில் ஆறு பேருக்கும் இடுப்பு, அதுவும் சொல்லிவைத்ததுபோல் இடது பக்கம். காலையில் மாஸ்டர் வந்து பார்த்தால் பலகையில் நதியாவுக்கு நேரே எப்போதும்போல ஐம்பத்து நாலு, அன்று தங்கள் நாடியை எண்ணிப் பார்த்த தெருக்காரர்கள் எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். கன்னியம்மாவுக்கு எரிச்சலும் வந்திருந்தது, ஆனால் அவளுக்கு அது எப்போதும் உள்ளது என்பதால் அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. எந்த அதிசயமும் எங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் அதிசயமாக இருந்ததில்லை. விழித்ததும் எங்கே வலிக்கிறது என்று பார்த்தால் முந்தின நாள் நதியா என்ன செய்தாள் என்று தெரிந்துவிடும்: தொடை இறுகியிருந்தால் எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், கழுத்தடி வலித்தால் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுகிற ஜெர்க், முதுகு பிடித்திருந்தால் தரையிலிருந்து இழுத்திருக்கிறாள். ஜெர்க் போட்ட மறுநாள் பெண்களுக்குக் கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாது, தெரு முழுக்க விரித்த தலையோடு நடமாடுவார்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏதோ துக்கம் என்று நினைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். மண்டிக்காரர் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை மார்புக்கு மேல் எழும்பாமல் இரண்டு அத்தைமார் முழங்கையைத் தாங்கிப் பிடித்துத்தான் தாலி ஏறியது. அதற்குப் பிறகு முகூர்த்த நாள்களையும் பலகையில் எழுதினோம், அந்த நாளில் காலுக்கு மட்டும் போடும்படி மாஸ்டரிடம் சொன்னோம், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த நூறு பேரும் எழுந்திருக்க முடியாமல் மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிட்டார்கள்.

குறை சொன்னவர் யாரும் இல்லை. குறையா, போட்டி வந்துவிட்டது. "நதியாவோட மூட்டு எங்க வூட்லதான் கீது," என்று கன்னியம்மா வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டாள். "மூட்டு இன்னா பெரிய மூட்டு, தோளு இல்லாம ஸ்னாட்ச் ஏது?" என்பான் பாஷா. அவள் ஜெயித்தால் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டு ஜெயித்த மாதிரி. மாஸ்டர்தான் எங்களைவிட அதிகம் மயங்கினார். பலகையில் ஐம்பத்து நாலைப் பார்த்தார், எடையைக் கூட்டினார். மறுநாளும் ஐம்பத்து நாலு, இன்னும் கூட்டினார். காலை மாலை என்று இருந்த பயிற்சி மூன்று வேளை ஆனது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போனது, மாதத்தில் ஒரு வாரம் எடையைக் குறைக்கிற வழக்கம் போனது. இருபது வருஷமாக மற்றவர்களைக் களைப்புக்குப் பயந்து வீட்டுக்கு அனுப்பியவருக்கு, களைப்பே வராத உடம்பு ஒன்று கையில் கிடைத்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை.

மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்குதான் வந்தது. எனக்கு வந்தது இரண்டு. ஒன்று இடது கட்டை விரல். எடை தூக்குகிறவர்கள் கட்டை விரலை மற்ற விரல்களுக்கு உள்ளே மடித்து, பாரோடு சேர்த்து நசுக்கித்தான் பிடிப்பார்கள். அந்த விரலின் வலி, நகக்கண்ணில் விண்விண் என்று. இன்னொன்று அவளுடைய தூக்கம். சாவி கொடுத்தவன் என்பதாலோ என்னவோ அது முழுசாக எனக்கே வந்தது. அந்த மாதிரித் தூக்கத்தை நான் என் வாழ்நாளில் தூங்கியதில்லை. எட்டு மணிக்குப் படுத்தால் ஒரு கனமான கை வந்து என்னைக் கீழே அழுத்தும், நான் இறங்கிக்கொண்டே இருப்பேன், ஆழத்தில் மருந்துத் தைலமும் சாக்பீஸ் தூளும் கலந்த அவள் வாசனை இருக்கும். ஊருக்கெல்லாம் வலி வந்தது, எனக்கு அவளே வந்த மாதிரி இருந்தது. வேறெந்த வழியிலும் அவளிடமிருந்து எனக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்று தெரிந்தவன் நான், வந்ததை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கார்த்திகை முடிவதற்குள் இன்னொன்றும் தெரிய ஆரம்பித்தது. பலம் கூடியது, ஆனால் கூடியது எங்களுக்கு. முழங்கால் வலிக்கிறது என்று மத்தியானமெல்லாம் படுத்துக்கிடந்த கன்னியம்மா, ஒருநாள் லாரித் தண்ணீர் பிடித்த டிரம்மை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள், உள்ளே போன பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கே உறைத்தது. பாஷா ஜாக்கி வைக்காமல் ஆட்டோவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரம் மாற்றினான். என் ஏழு கிலோப் பெட்டி வெற்றிலைபோல் லேசாகிவிட்டது. நதியாவுக்கு எண்பத்து நாலு எண்பத்து நாலாகவே நின்றது, மார்கழியில் எண்பத்திரண்டு ஆனது, பொங்கலுக்கு முன்னால் எழுபத்தொன்பது.

மாஸ்டர் அன்றைக்குத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு என் வண்டி ஓரம் வந்து உட்கார்ந்தார்.

"தூக்கறப்போ ஒடம்பு வளராது சம்பத்து, தூக்கறப்போ அது ஒடையுது. களைச்சிப் போயி தூங்கறப்போதான் வளருது. இத நான் எத்தினி பேருக்குச் சொல்லிருப்பேன். தூக்கறது அவ, தூங்கறது நீங்க. இத ஒரு வார்த்த யோசிக்காம நான்தான் ஏத்திகினே போயிட்டேன்."

பலகையில் ஐம்பத்து நாலு என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை அவர் உள்ளங்கையால் அழித்தார்.

பலகை சொல்லாததை எல்லம்மா கன்னியம்மாவிடம் சொல்லி அழுதாள். பொண்ணு தூங்கி எத்தனையோ நாளாகிறது, பாயில் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். தட்டில் போட்டதை மூணு வாய்க்கு மேல் தள்ளிவிடுகிறாள், மண்ணு மாதிரி இருக்கிறது என்கிறாள். ஐப்பசியில் பிடித்த சளி தை வரைக்கும் விடவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், பிறகு தானே அழுகிறாள். "மூணு மாசமாச்சு, தலைக்கு ஊத்திக்கல. இரும்பு தூக்கித் தூக்கி ஒடம்பே இரும்பாயிடுச்சா கன்னியம்மா?" வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கரி உடைத்துக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் கேட்டது. நான் கரி உடைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலை நதியா வந்து வண்டிக்கு எதிரே வேப்ப மரத்தில் சாய்ந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல் கருத்திருந்தது.

"அண்ணா, களைப்புன்னா எப்படி இருக்கும்?"

"இது இன்னா கேள்வி?"

"மறந்து போச்சுண்ணா. முன்னல்லாம் செஷன் முடிச்சிட்டு வூட்டுக்குப் போவேன், வாசப்படி ஏற முடியாது, அம்மா கையப் புடிச்சி ஏத்தும். சோறு அவ்ளோ ருசியா இருக்கும். தட்டுலயே கண்ணு சொக்கிடும். அம்மா திட்டிகினே வாயத் தொடச்சி உடும். அது வேணும்ணா எனக்கு. ஒரு கிலோ, ரெண்டு கிலோ எல்லாம் அப்பறம். இன்னிக்கு ரொம்ப களைச்சிட்டேம்மான்னு ஒரு தடவ சொல்லணும்." கொஞ்ச நேரம் என் பெட்டியையே பார்த்தாள். "எல்லாரு வூட்லயும் என்னோடது ஒண்ணு கீது. என் தூக்கம் யார்கிட்ட இருக்குது தெரியுமா ஒனக்கு?"

"தெரியலம்மா," என்றேன்.

இந்த மூன்று மாதத்தில் நான் செய்த தப்புகளில் சாவி கொடுத்ததுகூடப் பெரியதில்லை. இதுதான் பெரியது.

அடுத்த நாளே அவள் வீடு வீடாகப் போனாள். வாசலில் நின்று, என்னோடதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். எங்கள் தெருவில் பலம் வந்து யாருக்குக் கசந்தது? ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. "எடுத்துக்கோடி கண்ணு, வேணான்னு யாரு சொன்னது," என்றாள் கன்னியம்மா, "எப்படி எடுத்துக் குடுக்கறதுன்னுதான் தெரியல." பாஷாதான் யோசனை சொன்னான். கருவிகளின் நாளில் போனது, கருவிகளின் நாளில்தான் திரும்பும். ஆயுத பூஜைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது, தேர்வுக்கோ ஏழு வாரம்தான் இருந்தது. அதனால் இன்னொரு ஆயுத பூஜையை நாங்களே வைத்துக்கொள்வது என்று முடிவானது. "வருஷா வருஷம் ஆட்டோவுக்கு மாலை போடறவன் நான். கூட ஒரு தடவ போட்டா ஆட்டோ கோச்சிக்குமா?" என்றான் பாஷா. முதல்முறையாகக் கன்னியம்மா அவன் சொன்னதை ஒத்துக்கொண்டாள்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பஞ்சாங்கத்தில் ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, கொல்லமேட்டுத் தெரு வேலையை நிறுத்தியது. ஷெட்டிலிருந்து பாரையும் பிளேட்டுகளையும் வெளியே கொண்டுவந்து தெரு நடுவில் வைத்தார்கள், பக்கத்தில் ஆட்டோ நின்றது, மண்டிக்காரரின் தராசு வந்தது, கன்னியம்மாவின் கத்தரிக்கோல் வந்தது, எல்லம்மா ஷூ கம்பெனியிலிருந்து பசை தடவுகிற பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள், மாஸ்டர் தன் சாக்பீஸ் டப்பாவை வைத்தார். நடுவில் ஒரு பாய். பாயில் நதியா. எல்லாக் கருவிக்கும் வைத்ததுபோல எல்லம்மா மகளுக்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், நெற்றியில் ஒன்று, இரண்டு தோளிலும் ஒவ்வொன்று, இரண்டு முழங்காலிலும் ஒவ்வொன்று.

கற்பூரம் அணைவதற்குள் கன்னியம்மா "போயிடுச்சு" என்று எழுந்து நின்றாள். நதியா முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பாஷா தோளைக் குலுக்கிப் பார்த்தான், நதியாவின் தோள் இறங்கியது. மண்டிக்காரர் வீட்டு ஆறு பேரும் வரிசையாக நிமிர்ந்தார்கள், நதியா ஆறு முறை முனகினாள். வீடு வீடாக, வாசல் வாசலாக, இறங்கி வந்து அவளுக்குள் சேர்ந்தது, மூன்று மாத ஸ்குவாட்டும் மூன்று மாத ஜெர்க்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவள் பாயில் சாய்ந்துவிட்டாள். "வலிக்குதும்மா," என்று அழுதாள், "வலிக்குதும்மா, எல்லா எடமும் வலிக்குது," என்று சிரித்தாள், எல்லம்மா அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் கண் மூடவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. தெரு மொத்தமும் அந்த இரண்டு கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது, அவை மூடவில்லை.

அப்போது யாரோ கரி வாசனை வருகிறது என்றார்கள். எல்லோரும் திரும்பினார்கள். தெருவில் புகைந்துகொண்டிருந்த ஒரே கருவி என் பெட்டிதான்.

நான் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவசரத் துணி என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன். அதே சட்டையை இரண்டு மணி நேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன், பெட்டியைச் செங்கல்மேல் நிமிர்த்தி வைக்காமல், ஒருமுறைகூடக் கை மாற்றாமல். சட்டையின் முதுகு பழுப்பாகி, கருத்து, விளிம்பில் பொத்தலாகிவிட்டது. இஸ்திரிக்காரன் முதல் நாளில் கற்றுக்கொள்வது பெட்டியை இறக்கி வைக்கத்தான். அதை நான் அன்றைக்கு மறந்திருந்தேன், அல்லது மறந்ததுபோல் இருந்தேன்.

நதியா மடியிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒங்கிட்டயாண்ணா இருக்குது?"

"ஆமா."

கன்னியம்மா எங்களுக்கு நடுவிலிருந்து ஒதுங்கி நின்றாள்.

"நல்லா இருக்குதா?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்குது நதியா." பெயரைச் சொல்லி அவளை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் வேணும்ணா," என்றாள்.

நான் பெட்டியைத் தூக்கினேன். அது வெற்றிலைபோல் இல்லை, ஏழு கிலோவாக இருந்தது. கொண்டுபோய்ப் பாருக்கும் பாய்க்கும் நடுவில் வைத்து, கரியைக் கொட்டித் தண்ணீர் தெளித்தேன். எல்லம்மா அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். புகை அடங்கும்போது நதியா வாயைத் திறந்து, கை இரண்டையும் தலைக்கு மேல் நீட்டி, தெருவே கேட்கிறமாதிரி ஒரு கொட்டாவி விட்டாள். "அம்மா, ரொம்ப களைச்சிட்டேன்," என்றாள், அதோடு தூங்கிப்போனாள்.

மூன்று நாள் தூங்கினாள். அவள் தூக்கம் கலையக் கூடாது என்று பாஷா ஆட்டோவைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்தான். அந்த மூன்று நாளும் எனக்குக் கண் மூடவில்லை, மூடினாலும் வந்தது என் சொந்தத் தூக்கம்தான், மெலிசாக, வாசனை ஒன்றும் இல்லாமல். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு தின்றாள், நாடியைப் பிடித்து எண்ணிவிட்டு எண்பத்தாறும்மா என்று சந்தோஷமாகக் கத்தினாள். மாஸ்டர் பத்து நாளைக்கு அவளை ஷெட் பக்கம் விடவில்லை, ஆற்று மணலில் நடக்க விட்டார். பிறகு ஒரு மூங்கில் கழியைக் கையில் கொடுத்தார், பிறகு வெறும் பார், பிறகு பாதி எடை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாவியைக் கயிற்றில் கட்டிப் பூணூல்போல் மாட்டிக்கொண்டார், என் ஆணியை அவர் நம்பவில்லை, அதற்கு நான் வருத்தப்படவும் முடியாது. நாடி எழுபதுக்கு வந்தது, அறுபதுக்கு வந்தது, மாசிக் கடைசியில் ஐம்பத்தைந்துக்கு வந்தது. எல்லம்மா கன்னியம்மாவிடம் ரகசியமாக ஒன்றைச் சொல்லி, இரண்டு பேரும் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனார்கள்.

பங்குனியில் எண்பத்தேழு தூக்கினாள். வேலை ஹூப்ளியில் கிடைத்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் துணி வாங்க என் வண்டிக்கு வந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டே, "எல்லாமே திரும்பி வந்துடுச்சுண்ணா," என்றாள். "எடது கட்ட வெரலு மட்டும் வரல. எவ்ளோ நசுக்கிப் புடிச்சாலும் அதுல ஒண்ணும் தெரியல."

நான் மடித்த துணியைத் திரும்பவும் பிரித்து மடித்தேன்.

"பரவால்ல," என்றாள் அவள். "யார்கிட்ட கீதோ அவங்களே வெச்சிக்கட்டும். எப்பவாச்சும் ரொம்ப வலிச்சா எனக்கு ஒரு போன் போடட்டும்."

அப்படித்தான் அந்த விரல் என்னிடம் நின்றது. நான் திருடியதா அவள் கொடுத்ததா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. முதல் வருஷம் அடிக்கடி வலித்தது. மூன்று நாள் விடாமல் விண்ணென்று தெறித்தால் நான் ஹூப்ளிக்குப் போன் போடுவேன். நான் அண்ணா பேசுகிறேன் என்பதற்கு முன்பே, "வெரலு சொல்லுதா?" என்பாள். "சொல்லுது. எறக்கி வெய்யி," என்பேன். "சரி, வெச்சிட்டேன்," என்பாள். மறுநாள் வலி இருக்காது. நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை, அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் விரலைப் பார்த்துக்கொண்டு நாளைத் தள்ளினேன்.

இரண்டாம் வருஷம் வலி குறைந்தது. இந்த வருஷம் ஒன்பது மாதமாக ஒன்றுமே இல்லை. அவள் எப்போது நிறுத்த வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது, நன்றாகக் களைக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். எல்லம்மா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, விரலே சொல்கிறது. நான் வேண்டிக்கொண்டதும் அதுதான், சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் காலையில் கண் விழித்ததும், பாயை விட்டு எழுவதற்கு முன்னால், தெருவில் எல்லோரும் நாடியைப் பிடித்துப் பார்க்கிற அந்த நேரத்தில், நான் இடது கட்டை விரலை மற்ற நாலு விரலுக்குள் மடித்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு நசுக்கிப் பார்க்கிறேன்.

இன்றைக்கும் வலிக்கவில்லை.